பூகம்பமும் பழஞ்சுவரும்
(அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமக் கூட்டமொன்றில் பேசியது)



1934-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி பீகாரில் பூமி அதிர்ந்து ஆயிரக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். அந்த மாதமே திருநெல்வேலிக்கு வந்த தோழர் காந்தியார், அது தீண்டாமைப் பாவத்திற்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றார். தீண்டாமை ஒழியவேண்டும் என்பதில் நமக்கு ஆக்ஷேபணையே இல்லை. ஆனால் தீண்டாமை பாராட்டினவன் மாளிகையோடு, அதனால் வதைபட்டவன் வீட்டையும் சேர்த்து இடிப்பது என்ன நியாயம்? காந்தியாரிடம் பெருமதிப்பு வைத்திருந்த தாகூரே இதை மறுத்து எழுதினார்.

மராட்டிய நாட்டுக் கில்லாரியைப் பாருங்கள். 1993 செப்டம்பர் 29-ந் தேதி இரவு விநாயகரைக் கரைத்துவிட்டு வந்து ஜனங்கள் படுத்தார்கள். விடியுமுன் பூமி அதிர்ந்தது. அவ்வட்டாரத்தில் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டார்கள். பக்திக் குறைவா காரணம்? இரண்டடிக்கு மேல் கனமுள்ள கல் சுவர், மண் சாந்து, உள்முகக் கல்லுக்கும் வெளிமுகக் கல்லுக்கும் பிணைப்பில்லை, மேலே மண் கொட்டிய கனத்த கூரை. சுவர் பிளந்தது, கூரை தலையில் விழுந்தது. இவ்வளவுதான் "தெய்வ கோபம்"!

அந்தப் பிரதேசமும் பூகம்ப பயம் குறைந்ததென்றே அதுவரை எண்ணப்பட்டிருந்தது. நம் நாட்டிலும் 1900 பிப்ரவரியில் கோயமுத்தூர்ப் பக்கம் அதிர்ந்திருக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசல் மண்ணோ மழையில் உப்பி, கோடையில் வெடித்து, சுவர்களில் விரிசல் விடச் செய்கிறது. விரிந்த சுவர் சிறு ஆட்டத்திற்கும் தாங்குமா?

பரிகாரம் கொத்தனார் கையில் இருக்கிறது. முதலில் விரிசலைச் சாந்தால் அடைக்கவேண்டும். கல் சுவரில் இரண்டு மூன்றடிக்கு ஒரு துளையிட்டு, முனை வளைத்த கம்பி வைத்துக் காங்கிரீட்டால் நிரப்பினால் இரு முகமும் பிணைந்துவிடும். நிலை, ஜன்னல்களுக்கு மேலே வீட்டைச் சுற்றிலும் கம்பி வலை அடித்துச் சிமெண்டு பூசினால், வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட்டதுபோல நான்கு சுவரையும் இறுக்கிப் பிடிக்கும். மூலைகளுக்கும் அவ்வாறே செய்யவேண்டும். கூரைக் கனத்தையும் குறைக்கவேண்டும். கில்லாரிப் பக்கத்தில் பழைய வீடுகளை இப்படித்தான் பலப்படுத்தினார்கள். சாந்தி ஹோமத்தால் அல்ல.

தோழர்களே! கும்பாபிஷேகத்துக்கு வீடுவீடாய் வசூலிக்கும் ஊரில், பிள்ளைகள் படிக்கும் பழைய பள்ளிக்கூடத்துச் சுவருக்கு மட்டும் பணமில்லை என்பது மானமுள்ள பேச்சா? கோபுரத்து வர்ணம் ஒரு வருஷம் பொறுக்கும். விரிந்த சுவர் பொறுக்காது. ஆகவே முதல் வசூல் பள்ளிக்கூடத்துக்கும், பண வசதியற்றவர்களின் வீடுகளுக்கும் ஆகட்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.