கரண்ட் வரவில்லை, தண்ணீர் வடியவில்லை
(பதுளை மாவட்டத் தோட்டங்களுக்குத் திரும்பும் குடும்பங்களுக்கான விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, "தவணை கட்டி வாங்கின வாஷிங் மெஷின் சேத்துத் தண்ணியில நின்னுச்சுங்க. காய வச்சாச்சு. போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டார். இன்றைய பேச்சு அவருக்கான பதில்.

போட்டுப் பார்க்க வேண்டாம், அம்மா. வெளியே காய்ந்திருந்தாலும் மோட்டாருக்குள் ஈரமும் சேறும் இருக்கும். பிளக்கைப் போட்டால் மெஷின் எரிந்து போகலாம், தொட்டவருக்கு ஷொக் அடிக்கலாம். தகுதியான எலக்ட்ரீஷியன் சோதித்த பிறகே போடுங்கள். பின்மூடியை நீங்களே கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

வீட்டு வயரிங்குக்கும் இதே விதிதான். சுவர் நனைந்திருந்தால் மெயின் சுவிட்சைப் போடாதீர்கள். ஈரத் தரையில் நின்றுகொண்டு சுவிட்ச் பெட்டியைத் தொடாதீர்கள். அறுந்து தொங்கும் கம்பிக்குப் பக்கத்தில் பிள்ளைகளை விடாதீர்கள். உடனே 1987 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

தண்ணீர் படாத மெஷின் உயிர் பெறவில்லை என்றால், இந்த வரிசையில் பாருங்கள்:

1. அதே பிளக் பொயின்ட்டில் ஃபோன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். அதுவும் வேலை செய்யாவிட்டால் பிழை மெஷினில் இல்லை.
2. ட்ரிப் சுவிட்ச் விழுந்திருந்தால், சிறு சுவிட்சுகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அதை ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் பிழை. அதை அணைத்தே வையுங்கள். ட்ரிப் சுவிட்ச் விழாமல் இருக்கக் கம்பி வைத்துக் கட்டுவது உயிருக்கு உலை வைக்கும் வேலை.
3. சதுரக் கால் பிளக்கின் உள்ளே ஒரு சிறிய ஃபியூஸ் இருக்கும். அது எரிந்திருந்தால் அதே அளவு ஃபியூஸ் போடுங்கள்.
4. மூடி சரியாக மூடியிருக்கிறதா, டைமர் திருப்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

மெஷின் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் வடியவில்லையா? முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். கழிவுக் குழாய் மடிந்திருக்கிறதா, அதன் முனை சேற்றில் புதைந்திருக்கிறதா என்று பாருங்கள். வடிகட்டி இருந்தால் கழற்றி, நூலையும் மண்ணையும் கழுவுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். லயத்துக்குப் பின்னால் சரிவில் ஊற விடாதீர்கள், கானுக்குக் கொண்டு போய் விடுங்கள். கான் அடைபட்டால் மழைத் தண்ணீரும் பீலித் தண்ணீரும் மண்ணுக்குள் இறங்கும். ஊறிய மண் கனத்து, பிடி தளர்ந்து, சரிந்து வரும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களையே மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே மழை இல்லாத நாளில், லயத்தார் எல்லோரும் சேர்ந்து கானைத் துப்புரவாக்குங்கள்.

ஆனால் கானை வெட்டினால் மட்டும் மலை நின்றுவிடும் என்று நம்பிவிடாதீர்கள். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று இறுகிய கதவு, புதிதாகக் கிளம்பிய ஊற்று, கலங்கி வரும் ஊற்றுத் தண்ணீர், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மெஷினையும் சாமானையும் விட்டுவிட்டு வெளியேறுங்கள். பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகு கிராம உத்தியோகத்தருக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் சொல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால், வெடிப்பு தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்.

தவணை கட்டி வாங்கிய பொருளின் அருமை எனக்குத் தெரியும், அம்மா. ஆனால் மெஷினைத் திருத்தலாம், இன்னொன்று வாங்கவும் செய்யலாம். ஆள் போனால் வராது. பத்திரமாகப் போய்ச் சேருங்கள்.