பழைய சர்வரும் புதிய சர்வரும்

அலுவலகத்தில் பல கணினிகளுக்கு ஒருங்கே கோப்புகளைக் காத்தளிக்கும் தலைமைக் கணினியைச் சர்வர் என்கிறோம். புதிய சர்வர் வாங்கப்பெற்ற பின்னரும் பழையது உடனே ஓய்வு பெறுவதில்லை. கணக்கு எழுதும் மென்பொருள் பழையதில் மட்டுமே ஓடும். அதை மாற்றப் பொருளும் காலமும் வேண்டும். ஆதலின் இரண்டும் ஒரே வலையமைப்பில் கூடி வாழ நேர்கிறது. அக்கூட்டு வாழ்வில் கவனிக்க வேண்டுவது யாது என்பதை இன்று ஆராய்வோம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கோப்புகளைப் பரிமாற விண்டோஸ் சர்வர் 2003 அறிந்த மொழி, எஸ்.எம்.பி. என்பதன் முதற் பதிப்பு ஒன்றே. இரண்டாம் பதிப்பு விண்டோஸ் சர்வர் 2008இல் இடம்பெற்றது. விண்டோஸ் சர்வர் 2019இலோ முதற் பதிப்பு இயல்பாக நிறுவப்பெறுவதே இல்லை. வேண்டுவோர் தாமே சேர்த்துக்கொள்ளல் வேண்டும். எனவே இரண்டையும் அருகருகே வைத்தால் அவை கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளா. உடனே பலர் புதியதில் பழைய மொழியைச் சேர்த்துவிடுகின்றனர். அதனால் பழையது உயர்வதில்லை, புதியது தாழ்கிறது. முன்வாயிலுக்குப் புதுப் பூட்டு வாங்கிவிட்டுக் கொல்லைக் கதவைத் தாழிடாது விடுவதை இஃது ஒக்கும்.

இதன் விளைவு சிறிதன்று. 2017 மே 12ஆம் நாள் உலகெங்கும் பரவிய வானாக்ரை என்னும் தீநிரல், அம்முதற் பதிப்பில் இருந்த குறையின் வழியாகவே கணினிக்குக் கணினி தாவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் அறுவைச் சிகிச்சைகளும் நின்றன. அக்குறைக்குரிய திருத்தம் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. ஆனால், 2015 ஜூலையில் ஆதரவு முடிவுற்ற 2003 சர்வருக்கு அது தாக்குதல் தொடங்கிய பின்னரே பொதுவாகக் கிடைத்தது.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? முதலாவதாக, பழையதிலிருந்து கோப்புகளைப் பெறுவது மட்டுமே நோக்கமாயின், புதியதில் அப்பழைய மொழியின் கிளையண்ட் பகுதி போதும். சர்வர் பகுதியை நிறுவ வேண்டா. இரண்டாவதாக, பழைய சர்வரைத் தனிப் பகுதியில் வைத்து, அதனை நாட வேண்டிய ஓரிரு கணினிகளுக்கு மட்டும் வழிவிட்டு, இணையத் தொடர்பை அறுத்துவிடுதல் நன்று. மூன்றாவதாக, அதிலுள்ளவற்றின் படியொன்றை வலையமைப்புக்கு வெளியே வைத்து, அதிலிருந்து யாவற்றையும் மீட்க இயல்கிறதா என்று செய்து பார்த்தல் வேண்டும். நான்காவதாக, பழையது விடைபெறும் நாளை முன்னரே குறித்தல் வேண்டும். நாள் குறியாத தற்காலிக ஏற்பாடு நிலைத்துவிடும்.

பழையதன் உழைப்பைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் ஒரு வலையமைப்பின் காவல், அதிலுள்ள மிகப் பழைய கணினியின் காவலளவே என்பதை நேயர்கள் நினைவிற் கொள்வார்களாக.