‘பப்ளிக்’ என்றால் யார்?

(ஆரணியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆரணிக்குப் போகிறோம் என்றால், “பட்டுச்சேலை ஆரணிக்கா?” என்று கேட்கிறார்கள். இல்லை, ஆரணியாற்றங்கரை ஆரணிக்கு என்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பேருக்கு இரண்டு ஊர் இருந்தால் பெரிய நஷ்டமில்லை. மிஞ்சினால் பஸ் மாறி ஏறுவோம். ஆனால் ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம் வைத்துக்கொண்டால், ஒரு கூட்டத்தார் தெருவையும் தண்ணீரையும்கூட இழக்க நேரிடும். அப்படிப்பட்ட சொல்தான் ‘பப்ளிக்’ என்னும் இங்கிலீஷ் வார்த்தை.

நாம் இங்கிலீஷ் படித்துப் பட்டம் பெற்றவர் அல்ல. அகராதியைப் புரட்டிக் கற்றதுதான். ஜனங்கள் என்று பொருள்படும் லத்தீன் சொல்லோடு உறவுடையது இந்த வார்த்தை. பெரும்பாலும் இன்னொரு சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக ஒட்டிக்கொண்டு நிற்கும். எதனோடு ஒட்டுகிறதோ அதற்கேற்ப நிறம் மாறும். பப்ளிக் பரீட்சை என்றால் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பொதுவான பரீட்சை. பப்ளிக் பிராசிகியூட்டர் என்றால் சர்க்கார் தரப்பு வக்கீல். பப்ளிக் செக்டார் கம்பெனி என்றால் சர்க்கார் கம்பெனி. பப்ளிக் லிமிடெட் கம்பெனி என்றாலோ சர்க்கார் கம்பெனியாக இருக்க வேண்டியதே இல்லை. இங்கிலாந்தில் பப்ளிக் ஹவுஸ் என்பது மதுக்கடை.

எல்லாவற்றிலும் விநோதம் பப்ளிக் ஸ்கூல். ஈட்டன் என்ற பள்ளியை 1440-ல் ஆறாம் ஹென்றி அரசன், 70 ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் படிப்புச் சொல்லிக் கொடுக்கவென்று ஸ்தாபித்தான். இன்று அது பெரும் பணக்காரர் பிள்ளைகள் படிக்கும் இடம். இருந்தும் பேர் பப்ளிக் ஸ்கூல்தான். எந்த ஊர்ப் பிள்ளையும் வரலாம், சம்பளம் கட்ட முடிந்தால்! நம் பக்கத்திலும் தனியார் பள்ளிகள் அதே பலகையை மாட்டிக்கொள்கின்றன.

அங்கே கதவை அடைத்தது பணம். நம் நாட்டிலோ பிறவி! பணமாவது இன்று இல்லாவிட்டால் நாளை வரும், பிறவி மாறுமா?

வைக்கத்தில் 1924-ல் நடந்த போராட்டம் எதற்காக? கோயிலுக்குள் போவதற்காகக்கூட அல்ல. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காக. கிறிஸ்தவர் நடக்கலாம், முஸ்லிம் நடக்கலாம், நாயும் நடக்கலாம்; ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது. ஏன் என்றால், அது பொதுத் தெரு அல்ல, கோயிலைச் சேர்ந்த வழி என்று சாதித்தார்கள். பெரியார் அதற்காக இரண்டு முறை சிறை சென்றார்.

மகத் நகரத்துக் குளமும் அப்படித்தான். 1927 மார்ச் 20-ந் தேதி அம்பேத்கர் ஆயிரக்கணக்கான தோழர்களோடு போய் அந்தக் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். பிறகு ஜாதி இந்துக்கள் கோர்ட்டுக்குப் போய், குளம் பொதுச் சொத்தே அல்ல, தங்களுக்குச் சொந்தம் என்றார்கள்! அவர்கள் வாதம் நிற்காது என்று பம்பாய் ஹைக்கோர்ட்டில் முடிவாக 1937 ஆயிற்று. ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்து வருஷ வழக்கு!

நம் சென்னை மாகாணச் சட்டசபையிலும் இரட்டைமலை சீனிவாசன் 1924-ல் ஒரு தீர்மானம் கொண்டுவந்து, பொதுத் தெருவும் பொதுக் கிணறும் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்று நிறைவேற்ற வைத்தார். பொது என்றால் எல்லோருக்கும் பொது என்பதைச் சொல்லவே ஒரு தீர்மானம் தேவைப்பட்ட தேசம் இது, தோழர்களே!

அதெல்லாம் பழங்கதை, 1950-லேயே அரசியல் சட்டம் வந்து தீண்டாமையை ஒழித்துவிட்டதே என்று சிலர் சொல்லுவார்கள். அவர்கள் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்திலுள்ள தோக்கமூருக்குப் போய் விசாரிக்கட்டும். அங்கே தாழ்த்தப்பட்ட மக்களைத் தடுத்து எழுப்பியிருந்த சுவரை, 2023-ல்தான் அதிகாரிகள் இடித்தார்கள். சட்டத்துக்கு வயது 73. சுவர் அதுவரை நின்றது!

இங்கிலீஷ்காரனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் தமிழில் ‘ஊர்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை யோசித்துப் பாருங்கள். “ஊரும் காலனியும்” என்கிறோம். அப்படியானால் காலனி ஊரில் சேரவில்லையா? ‘ஊர்ப் பொதுவில் முடிவு செய்தோம்’ என்கிறோமே, அந்தப் பொதுவில் காலனியார் உட்கார்ந்திருந்தார்களா? நம் தாய்மார்களாவது உட்கார்ந்திருந்தார்களா? தப்பு சர்க்கார் தாளில் மட்டுமல்ல, நம் நாக்கிலும் இருக்கிறது.

ஆதலால் பொது என்று யார் சொன்னாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது யார் பணத்தில் நடக்கிறது? இதற்குள் வர முடியாதவர் யார்? அவரைத் தடுக்க இவருக்கு அதிகாரம் கொடுத்தது யார்? வரி வாங்கும்போது எல்லோரும் பொது. நடக்கவும் குடிக்கவும் கும்பிடவும் வந்தால் தனி என்பது அயோக்கியத்தனம் அல்லவா? நமக்குக் கும்பிடுவதில் நம்பிக்கை இல்லை. ஆனால் வருகிறவனைத் தடுக்க ஒருவனுக்கு உரிமை உண்டு என்பதை ஒருக்காலும் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

நாம் சொல்லுகிறோம் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். இன்றிரவு வீட்டுக்குப் போகும் வழியில் உங்கள் தெருவையும், குழாயையும், சுடுகாட்டையும் பார்த்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் பொது என்ற சொல் பொய்யாகிறதோ, அங்கிருந்து உங்கள் வேலையைத் தொடங்குங்கள்.