திரும்பிப் போகும் கரண்ட்



2020 அக்டோபர் 12. காலை 10 மணி வாக்கில் மும்பையின் பெரும்பகுதியில் கரண்ட் போனது. மின்சார ரயில்கள் வழியிலேயே நின்றன. அப்படிப்பட்ட நாளில் ஜெனரேட்டர் கைகொடுக்கும். தாராவியில் தையல் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும்.

அதை வீட்டு வயரிங்கில் எப்படிச் சேர்ப்பது? சிலர் இரு முனையிலும் பிளக் உள்ள வயரை எடுக்கிறார்கள். ஒரு முனை ஜெனரேட்டரில், மறு முனை சுவர் பிளக்கில். விளக்கு எரியும். ஆனால் கரண்ட் வீட்டோடு நிற்காது. மீட்டர் வழியாக வெளியே போகும். தெரு டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்துத்தான் நமக்கு 230 வோல்ட் தருகிறது. பின்வழியாகப் போனால், அதே டிரான்ஸ்பார்மர் ஆயிரக்கணக்கான வோல்ட்டாகக் கூட்டிவிடும். கரண்ட் இல்லை என்று நம்பி, பள்ளத்தில் இறங்கி ஒரு தொழிலாளி கேபிளைத் தொடுவார். அவருக்கும் பிள்ளைகள் உண்டு.

"மெயினை அணைத்தால் போதாதா?" என்பீர்கள். அவசரத்தில் மறந்துபோகும். அணைத்ததை வேறொருவர் போட்டும் விடுவார்.

சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வாங்குங்கள். மீட்டருக்கும் வீட்டு போர்டுக்கும் நடுவே அதை மாட்ட வேண்டும். கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் மீட்டர் கரண்ட், மறுபக்கம் தள்ளினால் ஜெனரேட்டர். இரண்டும் சேரவே சேராது. பேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் சுவிட்சாகக் கேளுங்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் மாட்ட வேண்டும்.

இன்னொன்று, புகை. அதில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை. தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார். அதனால் வீட்டுக்குள்ளோ மாடிப்படிக்கு அடியிலோ ஜெனரேட்டரை ஓட்டாதீர்கள். நம் சந்துகளில் எதிர்வீட்டு ஜன்னல் கைக்கெட்டும் தூரம். புகை போக இடமில்லாதவர்களுக்கு பேட்டரி இன்வெர்ட்டரே மேல். ஒரு ஃபேனும் இரண்டு விளக்கும் ஓடும்.