பின்னால் வருவது தெரியணும்: சைக்கிளுக்கு ஒரு கண்ணாடி



மரக்காணம் பக்கம் விடியறதுக்கு முன்னாடி கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து பாருங்க. உப்பளத்துக்குப் போறவங்க சைக்கிளில் வருவாங்க. வெயில் ஏறுவதற்குள் வேலையில் இறங்கணும் இல்லையா? அதே சாலையில்தான் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே பஸ்ஸும் லாரியும் காரும் ஓடுது. கடற்காத்து காதில் அடிக்கும்போது பின்னால் வரும் வண்டியின் சத்தம் சரியாகக் கேட்காது. சட்டென்று தலையைத் திருப்பினால், கையும் சேர்ந்து திரும்பி சைக்கிள் நடுரோட்டுப் பக்கம் சாயும். ஆபத்து அங்கேதான்.

இதற்குச் சின்னதாக ஒரு வழி இருக்கு. ஹேண்டில்பாரில் ஒரு கண்ணாடி. எதைப் பார்த்து வாங்கணும்?

முதலில், எந்தப் பக்கம்? நாம் சாலையின் இடது பக்கம் போகிறோம். முந்துகிற வண்டி வலது பக்கம் வரும். ஒரே கண்ணாடி என்றால் வலது பக்கம் மாட்டுங்க.

அடுத்து, சைக்கிளின் வகை. ஹேண்டில்பார் முனை நம்மை நோக்கி வளைந்திருக்கும் பழைய மாடலுக்கு, கம்பியில் கிளாம்ப் போட்டு, தண்டு நீட்டி நிற்கும் கண்ணாடி சரி. முனையில் செருகும் வகை நேர் ஹேண்டில்பாருக்குப் பொருந்தும். போனில் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி, கிளாம்ப் வரும் இடத்தில் ஒரு நூலைச் சுற்றி அளந்துடுங்க. நூல் ஏறத்தாழ 7 செ.மீ. வந்தால், கம்பியின் விட்டம் 22 மி.மீ. அந்த அளவு விவரத்தில் இருக்கான்னு பாருங்க.

மூன்றாவது, நம்ம ஊர் உப்புக் காத்து. சாதா இரும்புத் தண்டும் திருகும் சீக்கிரம் துருப்பிடிக்கும். தண்டு கெட்டி பிளாஸ்டிக், திருகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் நல்லது. அக்ரிலிக் கண்ணாடி கீழே விழுந்தாலும் எளிதில் நொறுங்காது. ஆனால் கீறல் விழும். உப்புத்தூள் படிந்திருக்கும்போது துண்டால் தேய்க்காதீங்க. நல்ல தண்ணியில் கழுவி, அப்புறம் துடைங்க.

நான்காவதுதான் ரொம்ப முக்கியம். குவி கண்ணாடி அதிக இடத்தைக் காட்டும். ஆனால் வண்டியைச் சின்னதாகக் காட்டுவதால், பக்கத்தில் வந்த லாரியும் தூரத்தில் இருப்பது போலத் தோன்றும். கண்ணாடியை நம்பி மட்டும் வலது பக்கம் திரும்பாதீங்க. கண்ணாடியில் பாருங்க, வேகத்தைக் குறைங்க, ஒருமுறை தலையைத் திருப்பி உறுதி செய்யுங்க, கை காட்டுங்க, பிறகு திரும்புங்க. சந்தேகம் வந்தால் இறங்கி, தள்ளிக்கிட்டே கடந்துடுங்க.

மாட்டியதும் சைக்கிளில் உட்கார்ந்து, வீட்டில் ஒருத்தரைப் பின்னால் வலது பக்கமாகக் கொஞ்ச தூரம் தள்ளி நிற்கச் சொல்லுங்க. அவர் தெரியணும், உங்க தோள் ஓரமாக மட்டும் தெரிந்தால் போதும். மேடு பள்ளத்தில் ஓட்டியதும் கண்ணாடி ஆடினால் திருகை இறுக்குங்க.

இன்னொன்று: கண்ணாடி உங்களுக்கு லாரியைக் காட்டும், லாரிக்காரருக்கு உங்களைக் காட்டாது. அதற்குப் பின்னால் சிவப்பு விளக்கும் ரிஃப்ளெக்டரும் கட்டாயம் வேணும்.

இதைப் போனில் படிக்கிற நீங்க சைக்கிள் ஓட்டாதவராக இருக்கலாம். ஆனால் இருட்டில் வேலைக்குக் கிளம்பும் அப்பாவோ அம்மாவோ, விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் தங்கச்சியோ உங்க வீட்டில் இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அவங்க சைக்கிளை ஒருமுறை எடுத்துப் பாருங்க. சாலையில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் உடனே 108-க்கு போன் பண்ணுங்க.