சாவி வெளியே போகலாம், டிசி நம்பர் உள்ளேயே இருக்கணும்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்குப் பேசப் போறது சிப், மெமரி, ரகசியச் சாவி பத்தி. பேர் கேட்டதும் ஸ்கிப் பண்ணிடாதீங்க. திருப்பூர்ல இருந்து கேக்கறவங்களுக்கு இதுல பாதி ஏற்கனவே தெரியும், டிசி புக் வழியா.

முதல்ல பிரச்சினை என்னன்னு சொல்லிடறேன். யுபிஐ, வாட்ஸ்அப், டிஜிட்டல் கையெழுத்து, எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு ரகசியச் சாவி இருக்கு. சாவின்னா யாராலயும் ஊகிக்க முடியாத ஒரு நீளமான எண், அவ்வளவுதான். அதைப் பாதுகாப்பான சிப்புக்குள்ளயே வெச்சுட்டா நிம்மதி. ஆனா அங்க இடம் இல்லை. மைக்ரோசிப் நிறுவனத்தோட ஏடிஇசிசி608-னு ஒரு பாதுகாப்பு சிப் இருக்கு, அதுல மொத்தமே 16 அறைதான். உங்க போன்ல ஒவ்வொரு ஆப்பும் தனக்குன்னு சாவி கேக்குது. அப்போ மிச்ச சாவியெல்லாம் சிப்புக்கு வெளியே, சாதாரண ஃபிளாஷ் மெமரியிலதான் போய் உக்காரணும். அந்த மெமரியைக் கழட்டி யார் வேணும்னாலும் படிக்கலாம்.

திருப்பூர்ல எல்லாக் கம்பெனியாலயும் ஒரு டி-ஷர்ட்டை முழுசா தன் காம்பவுண்டுக்குள்ளயே முடிக்க முடியாது. நூல் நிட்டிங்குக்குப் போகும். துணி டையிங்குக்குப் போகும், காம்பாக்டிங், பிரிண்டிங்னு டெம்போவுல ஊரைச் சுத்தும். சரக்கு வெளியே போறது தப்பில்லை. கணக்கு நம்ம கையில இருக்கணும்.

சிப்பும் அதைத்தான் செய்யுது. தயாரிக்கும்போதே ஒரு மூலச் சாவியை அதுக்குள்ள பதிச்சுடறாங்க. அது எப்பவும் வெளியே வராது. மத்த ஒவ்வொரு சாவியையும் அந்த மூலச் சாவியால பூட்டி, பொட்டலமா வெளி மெமரிக்கு அனுப்பிடும். கூடவே ஒரு முத்திரையும் இருக்கும். பொட்டலத்துல ஒரு பிட் மாறினாலும் திரும்பி வரும்போது சிப் கண்டுபிடிச்சுடும். ஆண்ட்ராய்டு போன்ல கீஸ்டோர் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்யுது. பொட்டலத்தைப் பிரிக்கறதும் பாதுகாப்பான பகுதிக்குள்ளயேதான் நடக்கணும். சாதாரண ரேம்ல பிரிச்சா என்ன ஆகும்னு 2008-ல பிரின்ஸ்டன் குழு காட்டிடுச்சு. ரேமைக் குளிர வெச்சா, கரண்ட் போன பிறகும் சாவி சில நிமிஷம் அதுலயே தங்கும்.

இதுவரைக்கும் நிறைய பேர் சரியா செஞ்சுடறாங்க. சறுக்கற இடம் அடுத்தது.

பூட்டு சரி, முத்திரை சரி. ஆனா அது பழைய பொட்டலமா இருந்தா? நேத்து நான் மெமரியை அப்படியே காப்பி எடுத்து வெச்சுக்கறேன். இன்னைக்கு நீங்க ஒரு சாவியை ரத்து பண்றீங்க. நான் நேத்தைய காப்பியைத் திரும்ப மாட்டிடறேன். சிப்புக்கு எல்லாமே சரியாத்தான் தெரியும், ஏன்னா அது கட்டின பொட்டலம்தானே. ரத்தான சாவி மறுபடி உயிரோட வந்துடும்.

இது வெறும் தியரி இல்லை. சான் பெர்னார்டினோ துப்பாக்கிச் சூடு வழக்குல ஒரு ஐபோன் 5சி-யைத் திறக்கறது பத்தி 2016-ல ஆப்பிளுக்கும் எஃப்பிஐ-க்கும் பெரிய சண்டை. மெமரியைக் காப்பி எடுத்துத் திரும்ப மாட்டற வழி வேலைக்கு ஆகாதுன்னு எஃப்பிஐ இயக்குநர் ஜேம்ஸ் கோமி சொன்னார். அதே வருஷம் செப்டம்பர்ல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தோட செர்கெய் ஸ்கோரோபோகடோவ் அதே மாடல் போன்ல செஞ்சு காட்டினார். என்கிரிப்ஷனை அவர் உடைக்கவே இல்லை. எத்தனை தடவை தப்பா பாஸ்கோடு போட்டோம்ங்கற எண்ணிக்கை, வெளியே இருந்த ஃபிளாஷ் மெமரியில இருந்தது. ஆறு தடவை முயற்சி பண்ணுவார், பழைய காப்பியை எழுதுவார், எண்ணிக்கை பூஜ்யமாயிடும், திரும்ப ஆறு. நாலு இலக்க பாஸ்கோடுன்னா சுமார் 40 மணி நேரத்துல எல்லா எண்ணையும் போட்டுப் பார்த்துடலாம். பாகங்களெல்லாம் சாதாரண எலக்ட்ரானிக்ஸ் கடையில கிடைக்கறதுதான்.

டிசி நம்பர் எதுக்கு இருக்குன்னு இப்போ தெரியுதா? பழைய டிசியைக் காட்டி அதே ரோலை ரெண்டாவது தடவை கணக்குல ஏத்த முடியாது, ஏன்னா நம்பர் முன்னாடிதான் போகும். போன்ல இதுக்கு ஆர்பிஎம்பி-னு மெமரிக்குள்ளயே ஒரு சின்னப் பகுதி இருக்கு. சிப்புக்கும் அதுக்கும் பொதுவா ஒரு 32 பைட் சாவியை ஒரே ஒரு தடவை எழுதுவாங்க. ஒவ்வொரு தடவை எழுதும்போதும் ஒரு எண் ஏறும், இறங்கவே இறங்காது. படிக்கும்போது சிப் புதுசா ஒரு எண்ணை அனுப்பும், பதிலோட அதே எண் திரும்பி வரணும். எல்லாச் சாவியையும் அங்க வைக்கத் தேவையில்லை. கடைசிப் பொட்டலம் எதுன்னு மட்டும் எழுதி வெச்சா போதும். அதனால யாராவது “எங்க டிவைஸ்ல எல்லாம் என்கிரிப்ட் பண்ணியிருக்கு”ன்னு சொன்னா, நான் கேக்கற முதல் கேள்வி, எண்ணிக்கை எங்க இருக்கு?

இப்போ உங்க ஆபீஸ் மேஜைக்கு வருவோம். ஏற்றுமதிக் கம்பெனியில டிஎஸ்சி டோக்கன் பார்த்திருப்பீங்க, பென்டிரைவ் மாதிரி. அதுல சாவி சிப்பை விட்டு வெளியே வரவே கூடாதுங்கறதுதான் விதி. சாவி உள்ளயே பிறந்து உள்ளயே கையெழுத்துப் போடும். தப்பான பாஸ்வேர்டு எண்ணிக்கையும் உள்ளேதான், அதனாலதான் பல தடவை தப்பாப் போட்டா டோக்கன் லாக் ஆகுது. ஐபோன் 5சி-க்கு நடந்தது இதுக்கு நடக்காது. ஆனா இதுக்கு ஒரு விலை உண்டு. காப்பி கிடையாது. டோக்கன் தொலைஞ்சா புது சர்டிஃபிகேட்தான்.

இவ்வளவு பாதுகாப்பா செஞ்ச டோக்கனை நாம என்ன பண்றோம்? ஆடிட்டர் ஆபீஸ் டிராயர்ல, மேல ஸ்டிக்கர் ஒட்டி, ஸ்டிக்கர்ல பாஸ்வேர்டும் எழுதி வெச்சுடறோம். (சிரிப்பு) ஐடி சட்டம் 2000, பிரிவு 42 தெளிவா சொல்லுது. சாவியைத் தன் கட்டுப்பாட்டுல வெச்சுக்க வேண்டியது அந்த சர்டிஃபிகேட் யார் பேர்ல இருக்கோ அவரோட பொறுப்பு. சாவி கைமாறிட்டா தாமதமில்லாம சர்டிஃபிகேட் கொடுத்த நிறுவனத்துக்குச் சொல்லணும். சொல்ற வரைக்கும் அவர்தான் பொறுப்பு. டிராயரைத் திறந்தவங்க இல்லை.

கொடுக்காம வேலை நடக்குமான்னு கேப்பீங்க. நடக்கும். ஜிஎஸ்டி போர்ட்டல்ல உங்க அக்கவுண்ட்ஸ் ஆளையே அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரரா சேர்த்து, அவர் பேர்லயே தனி டிஎஸ்சி பதிவு பண்ணலாம். கஸ்டம்ஸ் புரோக்கர் ஷிப்பிங் பில்லுக்குத் தன் டிஎஸ்சியிலயே கையெழுத்துப் போடலாம். அவர் வேலையை விட்டா அவர் பேரை நீக்கினா போதும், முதலாளி கையெழுத்துக்கு எதுவும் ஆகாது. புது டிஎஸ்சிக்குக் கொஞ்சம் செலவாகும். எங்கயாவது டிராயர்ல உங்க டோக்கன் இருந்தா இந்த வாரமே வாங்கிட்டு வாங்க, பாஸ்வேர்டையும் மாத்திடுங்க.