மின்வெட்டும் அடுப்பங்கரையும்

(சுயமரியாதைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், வீட்டில் கரண்ட் போனால் நாம் எப்படி நடந்துகொள்கின்றோம் என்பதாகும். "இது ஒரு பொதுக்கூட்டத்தில் பேசத்தக்க சங்கதியா?" என்று சிலர் நினைக்கலாம். மேடை வெளிச்சத்தில் சீர்திருத்தம் பேசுகிறவனுடைய யோக்கியதை, அவன் வீட்டு விளக்கு அணைந்த நேரத்தில்தான் தெரியும் என்பதால் பேசுகின்றோம்.

கரண்ட் போனவுடன் நம் ஜனங்கள் வாயில் வரும் முதல் வார்த்தை, "எல்லாம் தலைவிதி" என்பது. 2012-ம் வருஷத்து மின்வெட்டை நினைத்துப் பாருங்கள். சென்னைக்கு 2 மணி நேரம் என்றிருந்தபோது, மற்ற ஜில்லாக்காரர்கள் அதைப்போலப் பல மடங்கு நேரம் இருட்டில் கிடந்தார்கள். விதி என்றால், பிரம்மா சென்னைக்காரன் தலையில் சிறிய எழுத்திலும், மதுரைக்காரன் தலையில் பெரிய எழுத்திலுமா எழுதினான்? தேவை வளர்ந்த வேகத்தில் உற்பத்தி வளரவில்லை. ஆடிக் காற்றில் சுற்றும் காற்றாலை, காற்றில்லாத மாதத்தில் சுற்றுவதில்லை. இருந்த கொஞ்சத்தைப் பங்கிட்டவர்கள் மனிதர்கள். மனிதன் செய்த பங்கீட்டை மனிதன் தட்டிக் கேட்கலாம். விதி என்று சொல்லிவிட்டால் யாரைப் போய்க் கேட்பது?

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகில் கரையேறி, லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. வேதங்களே வந்து பூசை செய்து கோயில் கதவை அடைத்துவிட்டுப் போயின என்றும், அந்தக் கதவைப் பாட்டுப் பாடியே திறந்தார்கள் என்றும் புராணம் சொல்லும் ஊர் அது. பாட்டுக்குக் கதவு திறந்ததாம்! அறுந்த கம்பி ஒன்றாவது பாட்டுக்கு ஒட்டிக்கொண்டதா? வெளியூர்களிலிருந்தெல்லாம் வந்த மின்தொழிலாளர்கள் சேற்றில் இறங்கிக் கம்பத்தைத் தோளில் சுமந்து நட்ட பிறகல்லவா விளக்கு எரிந்தது?

இனி, காசுள்ள வீட்டு இன்வெர்ட்டருக்கு வருவோம். அதை வாங்கக் கூடாதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அது இன்னதென்று தெரிந்து வாங்க வேண்டும். அது மின்சாரத்தை உண்டாக்கும் யந்திரமல்ல. ஊர்க் கம்பியில் வருவதையே பேட்டரியில் சேர்த்து வைத்துக் கொடுப்பது. அது குடமே தவிரக் கிணறு அல்ல. நிரப்பும்போதும் எடுக்கும்போதும் கொஞ்சம் சிந்துகின்ற குடம். கம்பியில் வரத்து நின்றுவிட்டால், குடமும் ஒன்றிரண்டு நாளில் காலி. அப்படியிருக்க, அதை வாங்கினவுடன் "இனி நமக்கென்ன" என்று இருந்துவிடுகிறார்கள். மின்சார அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துக் கேட்கும் செல்வாக்குள்ளவன் வாயடைத்துக்கொண்டால், குடம் வாங்க வகையில்லாத தெருக்காரன் பேச்சு யார் காதில் ஏறும்?

அந்தப் பேட்டரிக்குச் செய்யும் மரியாதையையும் பாருங்கள்! காலாகாலத்தில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறந்துவிடுகிறவன், ஆயுத பூசையன்று மறக்காமல் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுகிறான். ஈயமும் அமிலமும் கொண்ட பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகும். காற்றோட்டமில்லாத மூலையில் அது தேங்கி நெருப்புப் பட்டால் வெடிக்கும். தண்ணீர் கேட்கின்ற பொருளுக்கு நெருப்பைக் காட்டுவதற்குப் பெயர் பக்தியாம்!

தோழர்களே! இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது இனிமேல்தான் இருக்கிறது. இன்வெர்ட்டர் இணைப்பு எந்தெந்த இடத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது? கூடத்து ஃபேனுக்கு உண்டு. டி.வி.க்கு உண்டு. படுக்கையறைக்கு உண்டு. சில வீடுகளில் சாமி படத்துச் சிவப்பு பல்புக்கும் உண்டு. அடுப்பங்கரைக்கு? கேட்டால், "லோடு தாங்காது" என்கிறார்கள்.

இந்த "லோடு தாங்காது" என்னும் சாஸ்திரத்தையும் கொஞ்சம் ஆராய்வோம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் கணக்குப்படி அடங்குவது 1,800 வாட்-மணி. சேதாரமெல்லாம் போக 1,000 என்றே வைத்துக்கொள்வோம். கூடத்து ஃபேனுக்கு 75 வாட், அடுப்பங்கரை எல்.இ.டி. பல்புக்கு 9 வாட். ஃபேன் ஒரு மணி நேரத்தில் தின்பதைக் கொண்டு அந்தப் பல்பு 8 மணி நேரத்துக்கு மேல் எரியும். 500 வாட் மிக்சி 6 நிமிஷம் ஓடினால் செலவு 50 வாட்-மணி. அது 40 நிமிஷ ஃபேன் காற்றின் விலைதான். சிறிய இன்வெர்ட்டர் மிக்சியை இழுக்காது என்பது மெய்யாக இருக்கலாம். 9 வாட் பல்பையுமா இழுக்காது? டி.வி.யை மட்டும் எப்படி இழுக்கிறது? ஆகவே தாங்காதது பேட்டரி அல்ல, ஆண்பிள்ளையின் மனம்தான்.

வீட்டில் நெருப்பும் கத்தியும் கொதிக்கும் எண்ணெயும் இருக்கின்ற இடம் அடுப்பங்கரை ஒன்றுதான். அங்கே ஒரு பெண் செல்போன் வெளிச்சத்தில் வேர்த்து விறுவிறுத்து நிற்க, ஃபேன் காற்றில் உட்கார்ந்துகொண்டு "இன்னுமா ஆகவில்லை?" என்று கேட்கிறவன், பெண் விடுதலை பேச என்ன யோக்கியதை உடையவன் என்று கேட்கின்றோம். ஒயரிங் செய்ய ஆள் வந்தபோது, "உனக்கு எங்கே விளக்கு வேண்டும்?" என்று அந்த அம்மாளை ஒரு வார்த்தை கேட்டதுண்டா? மநு எழுதாமல் விட்ட சுலோகத்தை நாம் நம் வீட்டுச் சுவருக்குள் ஒயராகப் பதித்து வைத்திருக்கின்றோம். மநுதர்மத்தைக் கண்டிப்பதோடு இதையும் பிடுங்கி எறிய வேண்டாமா?

ஆதலால் ஒன்று செய்யுங்கள். இன்றிரவே வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அடுப்பங்கரையில் கால்மணி நேரம் நின்று பாருங்கள். நாளைக்கே அங்கே ஒரு பல்புக்கு இணைப்புக் கொடுங்கள். இன்வெர்ட்டர் உள்ளவர்களும் இல்லாதவர்களும் தெருவோடு சேர்ந்து கையெழுத்திட்டு, மின்வெட்டுக்குக் காரணம் கேளுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் நம்ப வேண்டாம். கணக்கைப் போட்டுப் பார்த்து, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் செய்யுங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்கின்றோம்.